அத்தை கொடுத்த முடி

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குத் தொப்பியக்கா என்று பெயர். வெயிலானாலும் மழையானாலும், காருக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும், நீல நிறத் துணித்தொப்பி ஒன்று அவள் தலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஏன் என்று கேட்காத மாணவர் கிடையாது. கேட்டவர்களில் இரண்டு பேருக்கு ஒரே பதில் கிடைத்ததும் கிடையாது.

வங்கி அதிகாரி ஒருவரிடம், “முன்னாடி லாரி ஓட்டினேன் சார். இன்ஜினுக்குள்ள குனிஞ்சப்ப ஃபேன் பெல்ட்ல முடி மாட்டிக்கிச்சு. அதுலேர்ந்து இப்படித்தான்,” என்றாள். கல்லூரிப் பெண்ணிடம் காதல் தோல்வி என்று சொல்லி, கண்ணையும் துடைத்துக்கொண்டாள். லைசென்ஸ் தேர்வு நடக்கும் மைதானத்தில் அந்த அதிகாரியும் அந்தப் பெண்ணும் தற்செயலாகப் பேசிக்கொண்டபோது, லாரியா காதலா என்று வாக்குவாதம் முற்றி, இருவரும் அன்றைய தேர்வில் கோட்டை விட்டார்கள். தொப்பியக்கா ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

உண்மை என்னவோ சாதாரணமானதுதான். தொப்பிக்குக் கீழே ஒரு விரற்கடைக்கு மேல் முடி கிடையாது. வளரவில்லை என்று சொல்ல முடியாது. வளரும், வளர்ந்த கையோடு ஒடியும். பின்கழுத்துக்கு மேலே கை வைத்தால் உப்புத்தாளைத் தடவியது போல இருக்கும். பிறந்தபோது எல்லாக் குழந்தைகளையும் போல அவளுக்கும் கருகருவென்று முடி இருந்தது. நாலைந்து மாதத்தில் அது உதிர்ந்து, அதற்குப் பதில் முளைத்த முடி துணுக்குத் துணுக்காகத் தலையணையில் கிடந்தது.

அன்றைக்கே தீர்ப்பு எழுதியவள் அத்தை. அப்பாவின் அக்கா. அத்தையின் கொண்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவள் ஒரு அறைக்குள் நுழைந்தால் முதலில் குரல் வரும், அடுத்து கொண்டை வரும், மிச்சமிருக்கும் அத்தை அதற்குப் பிறகுதான் வருவாள்.

“இது எங்க பக்கத்து முடியே இல்லை. எங்க வம்சத்துல தலை வாரினா சீப்புதான் உடையும், முடி உடையாது. இவ அம்மா பக்கத்துலதான் ஏதோ கோளாறு,” என்று அத்தை சொல்லிவிட்டாள். சொன்னதோடு விடவில்லை. அவள் வந்து போகும் ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு அது காதில் விழும். அப்பா ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். இளம் வயதிலிருந்தே தலையை வழவழவென்று மழித்துக்கொள்வார். “மெஷின் பக்கத்துல முடி ஆபத்து” என்பது அவர் கொள்கை. அக்கா பேசும்போது வாயைத் திறந்தால் அதைவிட ஆபத்து என்பது அவருடைய இன்னொரு கொள்கை.

சின்ன வயதில் அவள் தலை படாத பாடு பட்டது. விதவிதமான எண்ணெய், வெங்காயச் சாறு, முட்டை, கசப்பாக ஒரு டானிக். மழித்தால் அடர்த்தியாக வரும் என்று யாரோ சொல்ல, மழித்தும் பார்த்தார்கள். செடிக்குப் போடும் உரம் ஒன்றுதான் பாக்கி.

பிறகு அவள் பெரியவளானாள், கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள், பிறகு கற்றுக்கொடுக்கவும் ஆரம்பித்தாள். ஏசி மெக்கானிக் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவன் அதிகம் பேசாதவன். பெண் பார்க்க வந்த அன்று அவள் தொப்பியைக் கழற்றிக் காட்ட, அவன் நிதானமாகப் பார்த்துவிட்டு, “கூலிங் நல்லா இருக்கும்,” என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே சரி என்று சொல்லிவிட்டாள்.

அவள் கர்ப்பமானபோதுதான் அதிசயம் நடந்தது. நான்காவது மாதத்திலிருந்து முடி ஒடிவது குறைந்தது. காதை மூடியது. பிரசவத்துக்குள் கழுத்தைத் தொட்டது. காற்றில் முடி பறந்து முகத்தில் விழுந்தால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை, ஊதிப் பார்த்தாள். கிளிப் வாங்கினாள். கண்ணாடியை விட்டு நகரவே மாட்டாள். வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பற்றிக் கேட்பவர்களிடம் தலையைப் பற்றிப் பதில் சொன்னாள். மகள் பிறந்தாள். சில மாதங்களில் தலை பழையபடி ஆகிவிட்டது.

“இன்னொண்ணு பெத்துக்கலாமா?” என்று கேட்டாள் புருஷனிடம். அவன் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, அழைக்காத வீட்டுக்கு ஏசி பார்க்கக் கிளம்பிப் போனான்.

மகளுக்கும் ஐந்தாவது மாதத்தில் அதே கதைதான். அத்தை வந்து பார்த்தாள்.

“பார்த்தியா? பொம்பளைங்க வழியாவே வருது. உங்கம்மா, நீ, உன் பொண்ணு.”

“அம்மாவுக்கு இடுப்பு வரைக்கும் முடி இருக்கே அத்தை?”

“அது உள்ள ஒளிஞ்சிருக்கும்டி,” என்றாள் அத்தை. அம்மா டீ போடப் போனாள்.

மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம், தொப்பியக்காவிடம் கார் கற்றுக்கொள்ள ஒரு டாக்டரம்மா வந்து சேர்ந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் தோல் மருத்துவர். படிப்பில் எப்படியோ, ஸ்டீயரிங்கைப் பிடித்தால் பாம்பைப் பிடித்தது போலப் பிடிப்பாள். ரவுண்டானாவில் எதிரே ஒரு பஸ் வருவதைப் பார்த்ததும் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தாள். தொப்பியக்காவும் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள். கார் குலுங்கி நின்ற வேகத்தில் தொப்பி பறந்து டாக்டரம்மாவின் மடியில் விழுந்தது.

பின்னால் ஹாரன் அலறியது. பஸ்காரர் தலையை நீட்டி ஏதோ ஆசீர்வதித்தார். டாக்டரம்மா அசையவில்லை. கண் ரோட்டில் இல்லை.

“அக்கா, தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க.”

“டாக்டர், முதல்ல வண்டியைத் திருப்புங்க.”

“பின்கழுத்துல சின்னச் சின்னதா முள்ளு மாதிரி இருக்கா? சின்ன வயசுலேர்ந்தா? வீட்டுல வேற யாருக்காவது?”

“கிளட்சை மிதிங்க, சொல்றேன்!”

ஓரங்கட்டியதும் சொன்னாள். லாரியும் இல்லை, காதலும் இல்லை. அன்றைக்கு என்னவோ உண்மையே வாயில் வந்தது.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் தலையிலிருந்து சில முடிகளைப் பின்கழுத்துக்குப் பக்கத்தில் கத்தரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பொருத்தி, “பாருங்க,” என்றாள்.

தொப்பியக்கா குனிந்து பார்த்தாள். முடியைக் காணவில்லை. மணி கோத்த மாலை ஒன்று கிடந்தது. ஒரு மணி, ஒரு இடுக்கு, மறுபடி மணி, மறுபடி இடுக்கு. அளந்து கோத்தது போல அடுத்தடுத்து. ஒரு இடுக்கில் மாலை அறுந்திருந்தது.

“இதுவா என் தலையில இருக்கு?”

“இதுதான். மோனிலெத்ரிக்ஸ்னு பேரு. மாலை மாதிரியான முடின்னு அர்த்தம்.”

“பேரு டானிக் மாதிரி இருக்கு. அழகாத்தான் இருக்கு டாக்டர். இந்த வீக்கத்தைச் சரி பண்ண முடியாதா?”

“எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. வீங்கின மாதிரி தெரியற இடம்தான் சரியான பருமன். நடுவுல ஒல்லியா இருக்கே, அதுதான் கோளாறு. முடிக்குப் பலம் கொடுக்கறது கெரட்டின்னு ஒரு புரதம். நார் நாரா முறுக்கிக் கயிறு மாதிரி இருக்கும். உங்களுக்கு அதுல ஒரு நாரை எப்படிச் செய்யணும்னு உடம்புல இருக்கற குறிப்புல, அதாவது ஜீன்ல, எழுத்துப் பிழை. வேர்ல முடி உருவாகும்போதே, கொஞ்ச நேரம் ஒழுங்கா வருது, கொஞ்ச நேரம் ஒல்லியா வருது. சீப்பு, தலையணை, தொப்பி, எது உரசினாலும் ஒல்லியான இடத்துல ஒடிஞ்சிடும்.”

“மருந்து?”

“முழுசாக் குணமாக்க இப்போதைக்கு இல்லை. சூடு, சாயம், இறுக்கிக் கட்டறது எல்லாம் வேண்டாம். கர்ப்பமா இருக்கும்போது நிறைய பேருக்கு நல்லா வளரும். ஹார்மோன் மாறுறதால இருக்கலாம். ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. ஆனா ஒண்ணு, எண்ணெய் தேய்க்காததால வந்ததில்லை. நீங்க எதுவும் தப்புப் பண்ணலை.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அவள் தயாராக இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எங்கம்மா?” என்று கேட்டாள்.

அதற்கான பதில் அடுத்த வகுப்பில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் கிடைத்தது. ஒவ்வொரு குறிப்பும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கும், ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து, இந்தக் கோளாறில் பெரும்பாலும் ஒரு பிரதி கெட்டாலே போதும் என்று டாக்டரம்மா ரிவர்ஸ் எடுத்தபடியே சொன்னாள்.

“இன்னொண்ணு நல்லா இருந்தாலுமா?”

“நல்லா இருந்தாலும்.”

தொப்பியக்கா தன் காலடியில் இருந்த பிரேக்கைப் பார்த்தாள். “நம்ம வண்டி மாதிரி. ரெண்டு பேருக்கும் பிரேக் இருக்கு. நீங்க என்னதான் ஆக்சிலரேட்டரை அமுக்கினாலும் நான் மிதிச்சா நின்னுடும்.”

“அதேதான்! இதை நான் மெடிக்கல் காலேஜ் வகுப்புல சொல்லிக்கலாமா?”

“முதல்ல பின்னாடி பாருங்க, கம்பம் வருது.”

கம்பம் தப்பியது. டாக்டரம்மா மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள். அப்பா அம்மா இருவரில் ஒருவரிடம் இது இருக்க வேண்டும். புதிதாகத் தோன்றுவதும் உண்டு, ஆனால் அபூர்வம். சிலருக்குத் தலை முழுக்க, சிலருக்குப் பின்கழுத்தில் மட்டும். இருப்பது தெரியாமலே காலத்தை ஓட்டிவிடுவார்கள். “ரெண்டு பக்கத்து முடியும் கொண்டுவாங்க. பார்த்துடலாம்.”

அம்மா தன் முடியைக் கேட்டதும் கொடுத்தாள். அப்பா மழித்த தலையைத் தடவி, “இருந்தாத்தானே கொடுக்க?” என்றார். விஷயம் அத்தை காதுக்குப் போனதும் அவளே நேரில் வந்துவிட்டாள். கொண்டைக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு முடியை நீளமாக இழுத்து, கத்தரிக்கோலால் வெட்டி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

“எங்க பக்கத்துக்கு இது போதும். நல்ல முடின்னா எப்படி இருக்கும்னு அந்த டாக்டரும் தெரிஞ்சுக்கட்டும்.”

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா போனில் கூப்பிட்டாள். பேசுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சிரித்தாள்.

“அக்கா, அம்மா முடி சுத்தம், ஒரு கோளாறும் இல்லை. அத்தை முடிதான்… மனுஷ முடின்னா மேல மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கும். இதுல ஒண்ணுமே இல்லை, கண்ணாடிக் குச்சி மாதிரி இருக்கு. சந்தேகப்பட்டு ஒரு நுனியை நெருப்புல காட்டினேன். உருகிச் சொட்டிச்சு.”

“அப்படின்னா?”

“நைலான் மாதிரி ஏதோ ஒண்ணு. நல்ல தரம். எந்தக் கடைன்னு கேட்டுச் சொல்லுங்க.”

தொப்பியக்கா போனை வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம், பிறகு இரண்டும் சேர்ந்து விக்கலாக வந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தையே வாயைக் கொடுத்தாள்.

“என்னடி, டாக்டர் என் முடியைப் பார்த்து என்ன சொன்னாங்க?”

“அசந்துட்டாங்க அத்தை. இப்படி ஒரு முடியை எந்தப் பேஷண்ட் தலையிலயும் பார்த்ததில்லையாம்.”

அத்தை கொண்டையை லேசாகத் தட்டிக்கொண்டாள். “சொன்னேன்ல?”

“அப்படியொரு வழவழப்பாம். சாயம் வெளுக்காது, நரைக்கவே நரைக்காதுன்னு எழுதியே தரேன்னாங்க. ஒரே ஒரு விஷயம்தான். அடுப்புப் பக்கம் போகும்போது ஜாக்கிரதையா இருக்கச் சொன்னாங்க.”

அத்தையின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அப்பா எதுவும் புரியாமல் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். அம்மாவுக்குத் தண்ணீர் புரையேறி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். புரையேறின மாதிரி தெரியவில்லை.

சாப்பிட்ட கையோடு அத்தை எழுந்தாள். “என்னைக் கொண்டுபோய் வீட்டுல விடு.”

பயிற்சிக் கார்தான். முதல் சிக்னல் வரை அத்தை கொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். சிவப்பு விழுந்ததும், “ஏசியைக் கூட்டு,” என்றாள். பிறகு இரண்டு கையாலும் கொண்டையைப் பிடித்து, குக்கர் மூடியைத் திறப்பது போல ஒரு திருப்புத் திருப்பி, முன்நெற்றி முடியோடு முழுசாகத் தூக்கி டாஷ்போர்டில் வைத்தாள். பக்கத்து ஸ்கூட்டர்காரர் பார்த்துவிட்டு, பச்சை விழுந்தும் கிளம்ப மறந்தார்.

அத்தையின் தலை நரைத்திருந்தது. ஒரு விரற்கடை. பின்கழுத்துக்கு மேலே உப்புத்தாள்.

“எப்பலேர்ந்து அத்தை?”

“பிறந்ததுலேர்ந்து. உங்கப்பாவுக்கு விவரம் தெரியறதுக்கு முன்னாடியே எங்கம்மா எனக்கு டோப்பா மாட்டி விட்டுட்டாங்க. கல்யாணத்துக்கு இதோட அக்கா ஒருத்தியை மாட்டிக்கிட்டுப் போனேன். ஒருநாள் காலையில தூக்கக் கலக்கத்துல உங்க மாமா அதைப் பூனைன்னு நினைச்சு முன்னால பால் வச்சிட்டார்.”

“அப்ப மாமாவுக்குத் தெரியாதா?”

“அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

“என்ன சொன்னார்?”

“பால் வீணாப் போச்சேன்னார்.” அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நல்ல மனுஷன்.”

தொப்பியக்கா காரை மரநிழலில் நிறுத்தினாள். “என் தலை ஒடிய ஆரம்பிச்சதுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?”

“பார்த்தவுடனே தெரிஞ்சுது.”

“அப்புறமும் அம்மாவைச் சொன்னீங்க. இத்தனை வருஷம்.”

“யார் பக்கம்னு எல்லாரும் தேட ஆரம்பிச்சா என் தலையில வந்து நிப்பாங்களேடி. அதான் முந்திக்கிட்டேன்.” டாஷ்போர்டில் இருந்த கொண்டையை எடுத்துக்கொண்டு, “அசிங்கம்தான்,” என்றாள்.

“என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?” என்று கேட்டுவிட்டு, தொப்பியக்கா பதிலுக்குக் காத்திராமல் காரை வந்த வழியே திருப்பினாள். அத்தை தடுக்கவில்லை. கொண்டையைத் திரும்ப மாட்டிக்கொள்ளவும் இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

கதவைத் திறந்த அம்மா நாத்தனாரின் தலையைப் பார்த்தாள், மடியிலிருந்து கைக்கு மாறியிருந்த கொண்டையைப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

“உள்ள வாங்க அண்ணி. வெயில்ல நிக்காதீங்க.”

“உனக்குத் தெரியுமா?”

“இவ பிறக்கறதுக்கு முன்னாடியே தெரியும். ஒருதரம் இங்க தங்கினப்ப பாத்ரூம் கதவுல தொங்கிட்டு இருந்துது. உள்பக்கம் சின்ன லேபிள். ‘வெந்நீரில் நனைக்க வேண்டாம், பிழிய வேண்டாம்’னு போட்டிருந்துது.”

“தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை?”

“நீங்க என்னைத் திட்டும்போதெல்லாம் மனசுக்குள்ள அந்த லேபிளைப் படிச்சுக்குவேன். அப்படியே சமாளிச்சிட்டேன்.”

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். “மன்னிச்சிடுன்னு சொன்னா சிரிப்பியா?”

“சிரிப்பேன்.”

“அப்ப வேண்டாம்.”

“சொல்லுங்க அண்ணி. சிரிச்சு ரொம்ப நாளாச்சு.”

அத்தை சொன்னாள். அம்மா சொன்னபடியே சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த அப்பா, அக்காவின் தலையைப் பார்த்து, “நீயும் மெஷின் பக்கத்துல போறியா?” என்று கேட்டார். அவர் நக்கலடிக்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அத்தையின் அசல் முடியில் மணிகள் வரிசையாக இருந்தன. அப்பாவைச் சில வாரம் மழிக்காமல் இருக்கச் சொன்னார்கள். மேலே ஓரளவு ஒழுங்காக வளர்ந்தது, பின்கழுத்தில் மட்டும் ஒடிந்தது. அங்கே எடுத்த முடியிலும் மணிகள். பிழை ஒன்றுதான், ஆளுக்கு ஒரு விதமாகக் காட்டுகிறது என்றாள் டாக்டரம்மா. “அப்ப பின்கழுத்து சொரசொரன்னு இருக்கு, பிளேடு சரியில்லைன்னு கடைக்காரரோட சண்டை போட்டது தப்பா?” என்று அப்பா கவலைப்பட்டார்.

அத்தைக்கு ஆஸ்பத்திரி பிடித்துப்போயிற்று. மருத்துவ மாணவர்கள் சுற்றி நின்று அவள் தலையைப் பார்க்க, அவள் நடுவில் உட்கார்ந்து, “தள்ளாம ஒவ்வொருத்தரா வாங்க,” என்று அதட்டிக்கொண்டிருந்தாள். “ரொம்ப அபூர்வமாம்,” என்று தெருவெல்லாம் சொன்னாள். அம்மா பக்கத்தில் இது கிடையாது, கிடைக்கவும் கிடைக்காது என்பதை இப்போது வேறு தொனியில் சொன்னாள்.

தொப்பியக்கா இரண்டாவது முறை கர்ப்பமானாள். தலைமுடிக்காகத்தான் என்று புருஷன் இன்றைக்கும் நம்புகிறான். அவள் மறுத்ததும் இல்லை. முடி தோளைத் தொட்டது. தொப்பியைக் காணாமல் பழைய மாணவர்கள் வேறு யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். இந்தக் குழந்தைக்கும் வருமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, “பாதிக்குப் பாதி. காசு சுண்டற மாதிரி. முதல் குழந்தைக்கு விழுந்ததை அந்தக் காசு ஞாபகம் வச்சுக்காது,” என்றாள். அதற்குள் அவள் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். யார் கண் பட்டதோ, வாங்கிய மாதமே சொந்தக் கேட்டில் இடித்தாள்.

பையன் பிறந்தான். கருகருவென்று முடி. ஆறு மாதம் குடும்பமே அவன் தலையணையைப் பரிசோதித்தது. அத்தை ஒரு பூதக்கண்ணாடி வாங்கினாள். தலையணையில் துணுக்கு எதுவும் இல்லை. முடி வளர்ந்தது, நெற்றியில் விழுந்தது, கண்ணை மறைத்தது. தொப்பியக்காவின் தலையோ அதற்குள் பழையபடி ஒடிந்து தொப்பிக்குள் போய்விட்டது. பையனுக்கு இல்லை என்று டாக்டரம்மா உறுதியாகச் சொன்ன அன்று அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் நம்ம கட்சியில் ஒரு ஆள் குறைந்துவிட்டதே என்று ஓரத்தில் ஏதோ இடித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வயதுக்குள் அவனை முடிவெட்டக் கூட்டிப்போகும்படி ஆயிற்று. முடிதிருத்தும் கடைக்குள் அவளோ மகளோ அதுவரை கால் வைத்ததில்லை. சுழலும் நாற்காலி, தண்ணீர் தெளிக்கும் குப்பி, கண்ணாடிக்கு எதிரே கண்ணாடி எல்லாவற்றையும் இருவரும் வாய் பிளந்து பார்த்தார்கள். கடைக்காரர் பையனுக்குத் துணி போர்த்திவிட்டு, “எப்படி வெட்டணும்?” என்று கேட்டார். ஆயிரம் கதை விட்ட தொப்பியக்காவின் வாய் அன்றைக்கு அடைத்துக்கொண்டது.

“எப்பவும் எப்படி வெட்டுவீங்களோ, அப்படி,” என்றாள்.

கத்தரிக்கோல் கிளிக் கிளிக்கென்றது. கற்றை கற்றையாக முடி தரையில் விழுந்தது. கடைக்காரர் துடைப்பத்தை எடுத்துக் கூட்டிக் குப்பைக்கூடையை நோக்கித் தள்ள, மகளால் பொறுக்க முடியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, இவ்வளவு நல்ல முடியை வெட்டிக் கீழ போடறாங்க. நாம சும்மா பார்த்துட்டு இருக்கோம்?”

“வேணும்னா எடுத்துட்டுப் போம்மா,” என்றார் கடைக்காரர்.

மகள் குனிந்து ஒரு கற்றையை எடுத்தாள். இரு கையிலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒடியவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். பிறகு அது ரொம்பச் சலிப்பான விஷயம் என்பது போலக் கூடையில் போட்டுவிட்டு, சுழலும் நாற்காலி காலியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.